பெர்னாண்டோ எண்டபடியால் வந்த கடிதம்

லண்டன் பாதாள ரயிலில், ஸ்டொக்வெலில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். துப்புரவுச் சீருடையில் இருந்த இளையவர் சொன்னார்:

"என்னை லத்தீன் அமெரிக்க ஆள் எண்டு பதிஞ்சு வைச்சிருக்கினம் அக்கா."

"ஆர்?"

"நர்சிங் படிப்பிக்கிற ஒரு புரொபசர். அந்தச் சனத்துக்கு ஏன் சீனி வருத்தம், நீரிழிவு, கூட எண்டு ஆராயிறா. பெர்னாண்டோ எண்ட பேரைப் பார்த்துக் கடிதம் போட்டிட்டா."

"நீ இலங்கை, மன்னார் ஆள் எண்டு சொல்லேல்லையோ?"

"சொல்லத்தான் போனனான். அவ ஸ்பானிஷில வணக்கம் சொன்னா, நான் சிரிச்சிட்டன். பிறகு இங்கிலீசில, எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள், எத்தனை ஷிப்ட் எண்டு ஒரு மணித்தியாலம் கேட்டா. ரத்தமும் எடுத்தவ. சீனி இருக்காம்."

"அடுத்தமுறை உண்மையைச் சொல்லு."

"சொன்னால் பேரை வெட்டிப் போடுவா. சொல்லுறதோ விடுறதோ, ஒண்டும் விளங்கேல்லை."

"எங்கட ஆக்களிட்டையும் இப்பிடி ஆரும் கேப்பினம்தானே."

"உங்களிட்டை ஆர் கேட்டவை, அக்கா?"

மூத்தவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். நான் கையிலிருந்த புத்தகத்தின் அதே பக்கத்திலேயே இருந்தேன். டூட்டிங்கில் கதவு திறந்தபோதுதான் அவர் மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் புரொபசரிட்டைக் குடும்பத்து ஆக்களையும் கூட்டிக்கொண்டு வரலாமாமோ?"