சிலம்பத்துக்கு யாரு போறது?

ராபின்: அப்ப கராத்தே வேணாங்கிற?

பிரின்சி: வேணாம்னு எங்கங்க சொன்னேன்? வெள்ளை டிரெஸ்ஸு, அப்புறம் கலர் கலரா பெல்ட்டு... ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு டெஸ்ட்டு, டெஸ்ட்டுக்கு ஒரு ஃபீஸு. கருப்பு பெல்ட்டு வாங்குறதுக்குள்ள என் கழுத்துல ஒண்ணும் மிஞ்சாது.

ராபின்: டேக்வாண்டோ? கீரனூர்ல ஒரு மாடியில சொல்லிக் குடுக்குறாங்களாம்.

பிரின்சி: அது பூரா காலால ஒதைக்கிறதாமே. ஒங்களுக்கு ஏற்கெனவே முட்டி வலி.

ராபின்: எனக்கு முட்டி வலிச்சா என்ன?

பிரின்சி: கத்துக்கப் போறது நீங்கதானே?

ராபின்: நானா... அட, நீ கத்துக்கத்தான் இவ்வளவு நேரமா மண்டைய ஒடச்சுக்கிட்டிருக்கேன்.

பிரின்சி: எனக்கா... நல்லாருக்கே. நான் ஒங்களுக்குன்னுல்ல விசாரிச்சுக்கிட்டிருக்கேன். சுகர் ஏறிப்போச்சு, வயிறு சட்டைக்குள்ள நிக்க மாட்டேங்குது...

ராபின்: நீ மட்டும் என்ன? திருச்சி கிளினிக்குல நாள் பூரா ஒக்காந்தே இருக்க. இடுப்பு வலின்னு நீதான சொன்ன.

பிரின்சி: எப்ப சொன்னேன்?

ராபின்: சொல்லல... சொல்ற மாதிரி இருந்துச்சு.

பிரின்சி: சரி, யாருக்கா இருந்தா என்ன? நமக்குச் சிலம்பம்தான் கட்டுபடியாகும். கண்ணுசாமி வாத்தியார் கோயில் மைதானத்துலயே சொல்லிக் குடுக்குறாரு. டிரெஸ்ஸு கெடையாது, பெல்ட்டு கெடையாது, ஒரு கம்பு போதும்.

ராபின்: கம்ப எடுத்துக்கிட்டு திருச்சி பஸ்ஸுல எப்படிப் போவ? கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டுல்ல கேப்பாரு.

பிரின்சி: பஸ்ஸுக்கும் சிலம்பத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

ராபின்: இல்ல... ஒடம்புக்குத்தான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பிரின்சி: ஃபோன்ல பாத்துப் பாத்து மாப்பு கம்ப சுத்துனீங்களே, டியூப்லைட்டு போச்சே... அதுவும் பேச்சுக்குத்தானா?

ராபின்: அத விடு. ஒன் டிபன் பாக்ஸ் மூடி ஏன் சாத்த மாட்டேங்குது? கழுவி வைக்கயில பாத்தேன், ஒரு பக்கம் நசுங்கிக் கெடக்கு.

பிரின்சி: கீழ போட்டுட்டேன்... நீங்க மட்டும்? பைக்கு சறுக்கி விழுந்தேன்னீங்க. பைக்குல ஒரு கீறல் கூட இல்ல, ஒதடு மட்டும் எப்படிங்க கிழியும்?

ராபின்: மண்ணுலதான விழுந்தேன்...

பிரின்சி: இது தவக்காலங்க. பொய் சொல்லாதீங்க.

ராபின்: ...சரி, சொல்றேன். நம்ம பக்கத்து வீட்டு ஜெரால்டு ஒன் பஸ்ஸுலதான வாறான்? அவன் சொன்னான். சாயங்காலம் ஒருத்தன் தெனமும் ஒன்னய ஒரசிக்கிட்டே வாறானாம். நீ அங்கிட்டு நகந்தா அவனும் அங்கிட்டு, இங்கிட்டு வந்தா இங்கிட்டு... நீ ஏன் எங்கிட்ட சொல்லல?

பிரின்சி: சொன்னா, வேலைய விட்டுட்டு வீட்டுல இருன்னுருவீங்க. எனக்கு அந்த வேலை வேணுங்க.

ராபின்: நான் அப்படிச் சொல்வேனா?

பிரின்சி: சொல்ல மாட்டீங்களா?

ராபின்: ...மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். பெறகு, அவன்கிட்டயே பேசிருவோம்னு கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

பிரின்சி: தனியாவா?

ராபின்: பேசத்தான போனேன். என் சம்சாரம் இந்த பஸ்ஸுலதான் வருதுன்னு ஆரம்பிச்சேன்... விட்டான் ஒண்ணு.

பிரின்சி: நீங்க திருப்பிப் போடலையா?

ராபின்: சாம்பல் புதன் அன்னைக்கி நெத்தியில சாம்பல வாங்கிக்கிட்டு, ஈஸ்டர் வரைக்கும் கோவப்பட மாட்டோம்னு ரெண்டு பேருமாத்தான சாமிக்கிட்ட சொன்னோம்? கைய ஓங்குனேன்... சரியா அந்த நேரம் பாத்து அது ஞாவகத்துக்கு வந்துருச்சு. அதுக்குள்ள அவன் இன்னொண்ணு போட்டுட்டான்.

பிரின்சி: அடக் கடவுளே... எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலைங்க.

ராபின்: அதான் சொல்றேன். வேலைய விட வேணாம், போ. ஆனா எதையாச்சும் கத்துக்கிட்டுப் போ. நீ வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல.

பிரின்சி: எனக்கு ஒங்கள நெனச்சுத்தாங்க பயமா இருக்கு.

ராபின்: என்னய நெனச்சா? ஒண்ணும் வெளங்கல... இன்னொண்ணும் வெளங்கல பிரின்சி. நான் போகயிலயே அவன் மூக்குல பெரிய பிளாஸ்திரி. அவ புருஷனா நீன்னு கேட்டுக்கிட்டேதான் அடிச்சான். நான் போறதுக்கு முன்னாடியே அவன யாரு அடிச்சிருப்பா?

பிரின்சி: அத ஏன் கேக்குறீங்க? ஒதட்டக் காட்டுங்க, மருந்து போடுறேன்.

ராபின்: சொல்லு. ஜெரால்டா?

பிரின்சி: அவரு எங்க அடிக்கப் போறாரு? ஜன்னல் பக்கமாத் திரும்பி ஒக்காந்துகிட்டாரு. நாந்தாங்க... அந்த டிபன் பாக்ஸால மூக்கப் பாத்து ஒண்ணு போட்டேன். கீரனூர் வந்ததும் எறங்கி ஓடியாந்துட்டேன். சாமிக்கிட்ட சொன்ன வார்த்தைய நான் மீறிட்டேன், அதான் ஒங்ககிட்ட சொல்ல வாய் வரல. எனக்கு வர வேண்டிய அடிய நீங்க வாங்கிக்கிட்டு வந்துட்டீங்க. பைக்குல கீறல் இல்லாதப்பவே, இது அவன் வேலையோன்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சுங்க... மறுநாளே கண்ணுசாமி வாத்தியார்கிட்ட ஒங்க பேரக் குடுத்துட்டேன்.