வீட்டுக்காரம்மாவின் குரல்

— அது என் குரல் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் அக்கா. டீ ஆறுது, குடி.

— நான் சொல்றதைக் கேளுடி. முகமா தெரியுது? வெறும் குரல்தானே. படத்துல உன் பேரைக்கூடப் போடல. 'வேற யாரோ என்னை மாதிரியே பேசியிருக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா சம்பந்தி வீட்டு வாய் அடைஞ்சு போகும். வர்ற மாசம் உன் பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு இந்த வீம்பு உனக்கு எதுக்கு?

— அந்தக் கல்யாணத்துக்குப் புடவை, நகை எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? இந்த ஸ்டுடியோவுல, அதோ அந்தக் கண்ணாடி ரூம்ல நின்னு டப்பிங் பேசித்தானே. அப்ப இந்தக் குரல் யாருக்கும் கசக்கல.

— அப்ப நீ பேசினது வேற. குடும்பக் குத்துவிளக்குக்கெல்லாம் நீதான் குரல். இந்த வயசுல எதுக்குடி இந்த ஆபாசப் படம்?

— குத்துவிளக்கா? கன்னத்துல அறை விழுந்ததும் மூச்சை உள்ள இழுத்து ஒரு விசும்பல் விடணும், கேட்டிருக்கியா? அதுக்கு என்னை விட்டா ஆளில்லைன்னு சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அறைஞ்சவன் காலையே கட்டிக்கிட்டு 'நீங்கதான் எனக்கு எல்லாம்'னு எத்தனை படத்துல அழுதிருப்பேன். அதையெல்லாம் நீங்க பிள்ளைகுட்டியோட உக்காந்து பாத்தீங்க. அப்ப ஒருத்தரும் வந்து, அது உன் குரலா, வெக்கமா இல்லையான்னு கேக்கல.

— நல்லா இருக்கு போ. அதுவும் இதுவும் ஒண்ணா? இதுல வயசுப் பசங்க மூணு பேர்ல ஒருத்தன் கடைக்குப் போய் அந்த... அந்தச் சமாச்சாரத்தை...

— காண்டம்னு சொல்லேன் அக்கா, வாய் வெந்துடாது.

— மெதுவாப் பேசு, வெளிய ஆளுங்க இருக்காங்க. அதை வாங்கப் போறானாம். கல்லாவுல பொம்பளை உக்காந்திருக்காளேன்னு ஒவ்வொரு தடவையும் இருமல் மருந்தை வாங்கிட்டு வந்துடறானாம். கடைசியில ஜன்னல் பூரா பாட்டிலா நிக்குது, பக்கத்து வீட்டுக்காரங்க அவனுக்குக் காசநோய்னு பேசிக்கிறாங்க. இதெல்லாம் ஒரு கதையா?

— ஜன்னல்ல பாட்டில் நிக்கிறது டிரெய்லர்ல இல்லையே அக்கா.

— என்ன?

— டிரெய்லர்ல இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களும் இல்ல. எந்தத் தியேட்டர்ல பாத்தே?

— உங்க அத்தான்கிட்ட சொல்லிடாத. கண் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுப் போனேன். இன்னொருத்தன் பெரிய அனுபவசாலி மாதிரி சுவத்துல படம் போட்டு பாடம் நடத்துறானே, கடைசியில பாத்தா அது கிட்னி படம்னு தெரியுதே, அங்க எனக்குப் புரையேறிப் போச்சு. பக்கத்து சீட்டுக்காரி தண்ணி குடுத்தா.

— அப்புறம் எதுக்கு அக்கா என்னை மறுக்கச் சொல்றே?

— சிரிக்கிறது வேற, சம்பந்தம் பண்றது வேற. நான் சொல்றதைக் கேளு.

— இப்ப நீ கேளு. அந்தப் படத்தோட டைரக்டர் சின்னப் பொண்ணு, நம்ம பாப்பா வயசுதான் இருக்கும். வீட்டுக்காரம்மாவுக்கு நான்தான் பேசணும்னு தேடி வந்துச்சு. மாடியில மூணு பசங்க வாடகைக்கு இருக்கானுங்க, கீழ இந்தப் பொம்பளை. வர்றப்ப போறப்ப எல்லாம் பச்சை பச்சையா பேசுவா. பேசிட்டு நானே மைக்கை விட்டுத் தள்ளிப் போய் சிரிச்சேன். சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழட்டிட்டு கண்ணைத் துடைக்கிறாரு. அப்புறம் அந்தக் கதவு சீன் வந்துச்சு.

— அந்தப் பையன் அவ கதவுக்கு வெளிய வந்து உக்காருவானே, அதுவா?

— அதுதான். மறுநாள் அவன் விரும்புற பொண்ணு ரூமுக்கு வரப் போறா. அவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் என்ன பண்ணணும், எனக்கு ஒண்ணுமே தெரியாதேன்னு கதவுகிட்ட கேக்குறான். எழுதிக் குடுத்தது ஒரே வரி, 'போடா வெக்கம் கெட்டவனே'ன்னு. தியேட்டர் சிரிக்கும், சீன் முடிஞ்சிடும். நான் அதைப் பேசினேன். அந்த டைரக்டர் பொண்ணு உள்ள வந்து, ஆளு கதவுக்குப் பின்னால இருக்கா, உதடு பாத்துப் பேச வேண்டியதில்ல, உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்கம்மான்னு சொல்லிட்டு விளக்கை அணைக்கச் சொல்லிடுச்சு.

— அப்ப அது... அத்தனையும் நீயா பேசினே?

— நானேதான். 'தம்பி, முதல்ல அவகிட்ட கேளு. வேண்டாம்னா டீ போட்டுக் குடுத்து அனுப்பு, அதுல உனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. உனக்கு இருக்கிற பயம் அவளுக்கும் இருக்கும். ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிடுங்க. நடுவுல சிரிப்பு வந்தா சிரிச்சுடுங்க, யாரும் பரீட்சை வைக்கல.' என் கல்யாணத்தப்ப எனக்கு ஒருத்தரும் சொல்லாதது எல்லாம் வந்துடுச்சு அக்கா. நீயும் சொல்லல.

— எனக்கு யாரு சொன்னாங்க?

— நான் போய்த் தியேட்டர்ல உக்காந்து பாத்தேன். அதுவரைக்கும் சீட்டைத் தட்டி ஊளை விட்டுட்டிருந்த காலேஜ் கும்பல் அந்த இடத்துல கப்சிப்புனு ஆயிடுச்சு. எனக்கு முன்னாடி இருந்த பையன் பக்கத்துல இருக்கிற பொண்ணைத் திரும்பிப் பாக்குறான், இப்பத்தான் முதல் தடவையா பாக்குற மாதிரி. முழுக்கப் பச்சையா பேசுற படம்தான். ஆனா அதுல ஒருத்தன் ஒருத்தியை அவமானப்படுத்தல, அடிக்கல. எல்லாரும் திருதிருன்னு முழிச்சு, விழுந்து, எழுந்து, கடைசியில கொஞ்சம் நல்ல மனுஷனா ஆகுறாங்க. நான் பேசினதுலேயே அது ஒண்ணுதான் சுத்தமான படம். அதைப் போய் என்னுது இல்லைன்னு சொல்லுவேனா? சம்பந்திக்கு போனைப் போடு, நானே சொல்றேன்.

— வேண்டாம்டி.

— போடு. கல்யாணம் நின்னா நிக்கட்டும்.

— போட முடியாது. அவங்க யாரும் ஒண்ணும் கேக்கல. அவங்களுக்கு இந்தப் படம் வந்ததே தெரியாது.

— அப்புறம் யாரு கேட்டா?

— பாப்பாதான் என்னை அனுப்பினா. அம்மாகிட்ட சொல்லி, அது அவ குரல் இல்லைன்னு சொல்ல வைங்க பெரியம்மான்னு அழுதா. சம்பந்தி பேரைச் சொன்னா நீ இறங்கி வருவேன்னு நான்தான் சேத்துக்கிட்டேன். கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கா.

— பெத்த அம்மாகிட்ட நேரா வந்து கேக்க வாய் இல்லையா அவளுக்கு? மேல வரச் சொல்லு.

— கோபப்படாத. நான் சொல்றதை... சரி, சரி, போன் போடறேன். ஹலோ, பாப்பா, மேல வாம்மா. ரெண்டாவது மாடி, சிவப்பு விளக்கு எரியிற ரூமுக்கு எதிர்ல. ஆமா, அம்மாதான் கூப்பிடறா.

— வரட்டும், வரட்டும். அவ முகத்தைப் பாத்தே சொல்றேன்.

— பெரியம்மா, சொல்லிட்டீங்களா?

— சொன்னாங்க. வா, இப்படி உக்காரு. ஊர்ல எவனாவது கேட்டிருந்தா ஒருவேளை பயந்துபோய் இல்லைன்னு சொல்லியிருப்பேன் பாப்பா. நீ கேக்குறதால சொல்ல மாட்டேன். என் பொண்ணு என் தொழிலைப் பாத்து வெக்கப்படக் கூடாது.

— எனக்கு வெக்கம்னு யார் சொன்னா? நான் அதை மூணு தடவை பாத்தேன்மா.

— அப்புறம் என்னடி?

— அந்தக் கதவு சீன்ல பேசினது எழுதிக் குடுத்தது, நீ அப்படியே படிச்சேன்னு மட்டும் சொல்லு. நான் போயிடறேன்.

— எழுதிக் குடுக்கல. ஒவ்வொரு வார்த்தையும் என்னுது.

— யார் பெத்த பிள்ளைக்கோ கதவுக்குப் பின்னால நின்னு அவ்வளவு ஆசையா சொல்லத் தெரிஞ்சிருக்கு. வர்ற மாசம் எனக்குக் கல்யாணம், எனக்கும்தான்மா பயமா இருக்கு, என்கிட்ட ஏன்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லல?