மூலைக்காட்டுக்கு அழைப்பு வச்ச கதை

ரொம்ப காலத்துக்கு முந்தி, ரயில் வண்டி இன்னும் எட்டிப் பார்க்காத நாளையில, போலந்து தேசத்துக் கிழக்குக் கோடியில செலிஷ்கான்னு ஒரு ஊரு இருந்துச்சாம். பெரிய ஊருன்னு சொல்ல முடியாது. ஒரு சந்தை, ஒரு ஜெபக்கூடம், மழை பேஞ்சா முழங்கால் சேறு. அங்க இருந்தவங்க யூதங்க. பேசினது ஈடிஷ். அது என்ன பாஷைன்னா, ஜெர்மன் பந்தல்ல எபிரேயக் கொடி ஏறி, போலந்துக் காத்துல காய்ச்ச பாஷைன்னு வச்சுக்கோங்க. வசவும் அதுலதான், தாலாட்டும் அதுலதான்.

அந்த ஊர்ல கெட்சல்னு ஒருத்தர் இருந்தாராம். தொழில் பத்கன். பத்கன்னா, கல்யாண வீட்ல பாட்டுக் கட்டிச் சொல்றவர். பிடில்காரரும் கிளாரினெட்காரரும் பின்னால நிக்க, இவர் ஒரு முக்காலி மேல ஏறி நிப்பார். முதல்ல பொண்ணை அழ வைக்கணும். அப்புறம் பந்திக்கு வந்தவங்களைச் சிரிக்க வைக்கணும். ரெண்டுக்கும் ஒரே வாய். கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு பழைய பாவமெல்லாம் கழிஞ்சு புதுசாப் பொறக்கறாளாம். பொறக்கற பிள்ளை அழாம இருக்கலாமா? அதனால, நாலு கம்புல துணி கட்டி விதானம் போட்டிருப்பாங்களே, அதுக்குக் கீழ போய் நிக்கறதுக்கு முந்தி அவ அழுதே ஆகணும். கெட்சல் வாயைத் திறந்தா கருங்கல்லுக்கும் மூக்கு ஒழுகும்னு சொல்லுவாங்க.

அதே ஊர்ல ஹிண்டென்னு ஒரு பொண்ணு. அப்பன் இல்லை, ஆத்தா இல்லை. அவ கைக்குழந்தையா இருந்தப்ப ஊருக்குள்ள காலரா வந்துச்சாம். விடிஞ்சா சாவு, அடைஞ்சா சாவு. கல்லு நட ஆளில்லை, பேரு எழுத நேரமில்லை. இடுகாட்டுல ஒரு மூலையில, வரிசை கூடப் பாக்காமப் புதைச்சுட்டு வந்தாங்க. அதுக்கு மூலைக்காடுன்னே பேராகிப் போச்சு. அவ ஆத்தா அங்கதான் எங்கயோ கிடந்தா. ஹிண்டெயை ஊரே வளத்துச்சு. ரொட்டிக்காரி வீட்ல சாப்பாடு, தையக்காரர் வீட்ல துணி, எல்லார் வீட்லயும் திட்டு.

வளந்தா. அடுத்த ஊர் வண்டிக்காரர் மகனுக்குப் பேசி முடிச்சாங்க. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிட்டாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா ஃபைவல்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலை.

பொண்ணை நாற்காலியில உக்கார வச்சாச்சு. கெட்சல் முக்காலி மேல ஏறினார். பிடில் இழுத்துச்சு. தாயில்லாப் பொண்ணுங்களுக்குன்னு அவர்கிட்ட ஒரு பாட்டு உண்டு. என்னைக்கும் பொய்க்காத பாட்டு. அதை எடுத்தார்.

"அழுதுக்கோடி பொண்ணே, அழுதுக்கோ,
ஆத்தா வந்திருக்கா, தொழுதுக்கோ.
வாசல்ல நிக்கிறா, வாய் பேச மாட்டா,
வந்தவ உன்னை வாழ்த்தாமப் போக மாட்டா."

ரொட்டிக்காரி அழுதா. தையக்காரர் சம்சாரம் அழுதா. அடுக்களையில வெங்காயம் உரிச்சவ அதைச் சாக்கா வச்சு அழுதா. ஹிண்டெ அழலை. நிமிந்து பாத்தா.

"கெட்சல் மாமா, எந்த வாசல்ல நிக்கிறா?"

பிடில் நின்னு போச்சு.

"அது... பாட்டுல வர்ற வாசல்மா."

"அவளுக்கு யாரு அழைப்பு வச்சா?"

அந்தச் சனங்ககிட்ட ஒரு முறை உண்டு. தாயோ தகப்பனோ இல்லாத பொண்ணு, கல்யாணத்துக்கு முன்னால இடுகாட்டுக்குப் போயி, அவங்க கல்லுக்கு முன்னால நின்னு, 'எனக்குக் கல்யாணம், வாங்க'ன்னு கூப்பிடணும். ஹிண்டெயை யாரும் கூட்டிட்டுப் போகலை. எந்தக் கல்லுகிட்டன்னு கூட்டிட்டுப் போறது? கேட்டா வருத்தப்படுவான்னு ஊரே பேசாம இருந்துருச்சு. கெட்சலும் ஊரோட சேந்து இருந்துட்டார். இருந்துட்டு, ஆத்தா வந்துட்டான்னு பாட்டும் கட்டிட்டார். முக்காலி மேல நின்ன மனுஷனுக்கு முதல் தடவையா அந்தப் பாட்டு பொய்யாக் கேட்டுச்சு.

"கூப்பிடாத வீட்டுக்கு எங்க ஆத்தா வர மாட்டா," அப்படின்னா ஹிண்டெ. "நான் போய்க் கூப்பிட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் விதானத்துக்குக் கீழ வந்து நிக்க மாட்டேன்."

எந்திரிச்சு இடுகாட்டுப் பக்கம் நடந்துட்டா. கெட்சலும் பிடில்காரரும் ஊர்ச்சனமும் அவ பின்னால போனாங்க.

ஃபைவல் பெரியப்பா பின்னாலயே வந்தார். "இங்க பாருங்க, பையன் விடிஞ்சதுல இருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை. விதானத்துக்குப் போற வரைக்கும் ரெண்டு பேரும் பட்டினி கிடக்கணும், தெரியுமில்ல? பொழுதும் சாயுது. பொண்ணு வர்றாளா, இல்லை நாங்க வண்டியைப் பூட்டட்டுமா?"

"மாப்பிள்ளை பட்டினிதான் ஐயா. உங்க தாடியில தேன் ரொட்டி ஒட்டியிருக்கு, அதைத் தட்டிவிட்டுட்டு வாங்க," அப்படின்னாராம் கெட்சல்.

கூட்டம் சிரிச்சுச்சு. ஆனா ஃபைவல் பூட்டுறேன்னா பூட்டிருவார். வண்டி கிளம்பிட்டா ஊர் வளத்த பொண்ணுக்கு இன்னொரு மாப்பிள்ளை லேசுல வரமாட்டான். அது கெட்சலுக்கும் தெரியும், ஹிண்டெக்கும் தெரியும்.

இடுகாட்டுக் காவல்காரர் நாஃப்தலி வாசல் படலை மறிச்சு நின்னார்.

"மூலைக்காட்டுல யாரு எங்கன்னு எனக்கே தெரியாது தாயி. தப்பான குழிகிட்ட நின்னு கூப்பிட்டா, வேற யாராவது எந்திரிச்சு வந்துருவாங்க. உங்க ஆத்தா உள்ளயே ஏங்கிக் கிடப்பா. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

ஹிண்டெ அவரைத் தாண்டி உள்ள போனா. புல்லு இடுப்பளவுக்கு வளந்து கிடந்துச்சாம். போனவ நின்னுட்டா. இந்தப் பக்கம் திரும்பினா, அந்தப் பக்கம் திரும்பினா. எதைப் பாத்துக் கூப்பிடறதுன்னு அவளுக்குத் தெரியலை.

கெட்சல் அதைப் பாத்தார். நாஃப்தலி பக்கம் திரும்பினார்.

"ஏன் நாஃப்தலி, வேற ஆளு வந்தாத்தான் என்ன?"

"அழைப்பில்லாதவங்க கல்யாணத்துக்கு வர்றதாவது."

"நான் பாத்த எந்தக் கல்யாணத்துக்கு வரலை? ஆளு கூடிப்போச்சேன்னு எந்தக் கல்யாணமும் நின்னதில்லை நாஃப்தலி. வர வேண்டியவங்க வரலைன்னுதான் நின்னிருக்கு."

சொல்லிட்டு, பிடில்காரருக்குக் கையைக் காட்டினார். முக்காலி இல்லை. ஒரு மண்மேட்டுல கூச்சத்தோட ஏறி நின்னார். பேரு தெரியாதவங்களை எப்படிக் கூப்பிடறது? தெரிஞ்ச மாதிரி கூப்பிட்டார்.

"முட்டை வித்தவளே, வா. முட்டை அழுகல்னு சண்டை போட்டவளே, நீயும் வா. ஜெபக்கூடத்துல தூங்கினவரே, வாங்க. அவரைத் தூங்கவிடாம இருமினவரே, நீங்களும் வாங்க. கல்யாணம் ஆகாமப் போனவங்களே, நீங்க முன்னால வாங்க."

அங்க ஹிண்டெ புல்லுல உக்காந்துட்டா. மண்ணு மேல கையை வச்சா. ஈடிஷ்ல ஆத்தாளை மாமென்னு கூப்பிடுவாங்க.

"மாமெ, இன்னைக்கு எனக்குக் கல்யாணம். வா. பக்கத்துல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வா."

அதைச் சொன்னப்பறம் அழுதா. கெட்சல் மண்மேட்டுல இருந்து இறங்கிட்டார். பிடில்காரர் வில்லை இறக்கிட்டார்.

படலுக்கு வெளிய நின்ன ஊர்ச்சனங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்களாம். அந்த ஊர்ல மூலைக்காட்டுல ஆளில்லாத வீடு ஏது? ரொட்டிக்காரி அவ தங்கச்சியைக் கூப்பிட்டா. தையக்காரர் அவரு அப்பாவைக் கூப்பிட்டார். குழி தெரியலைன்னு அத்தனை காலமா ஒரு நல்லது கெட்டதுக்கும் கூப்பிடாம விட்டிருந்தாங்க. கூப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஒண்ணா ஊருக்குத் திரும்பினாங்க. முன்னால பிடில், பின்னால பொண்ணு. அதுக்குப் பின்னால யாரு யாரு வந்தாங்களோ, யாருக்குத் தெரியும்.

விதானத்துக்குக் கீழ கல்யாணம் நடந்துச்சு. பந்தியில ஒரு வரிசை நாற்காலியை ஹிண்டெ காலியா விடச் சொல்லிட்டா. ஃபைவல் பெரியப்பா தாமதமா வந்தார். மத்த இடமெல்லாம் நிறைஞ்சிருந்துச்சு.

"அங்க காலியாத்தானே இருக்கு, உக்காருங்க ஐயா," அப்படின்னார் கெட்சல்.

ஃபைவல் அந்த வரிசையை ஒரு பார்வை பாத்தார். "உக்காந்திருக்காங்களோ என்னவோ, நமக்கெதுக்கு," அப்படின்னு நின்னுகிட்டே சாப்பிட்டாராம்.

அதுக்கப்புறம் கெட்சல் அந்தப் பழைய பாட்டைப் பாடவே இல்லையாம். தாயில்லாப் பொண்ணு எதிர்ல உக்காந்தா, "அழைப்பு வச்சாச்சா தாயி?"ன்னு கேட்டுட்டுத்தான் முக்காலியில ஏறுவாராம்.

பின்னால வந்த காலத்தை நான் நீட்டிச் சொல்லப் போறதில்லை. உலகச் சண்டை வந்துச்சு, ஜெர்மன் பட்டாளம் வந்துச்சு. ஒரே நாள்ல செலிஷ்கா யூதங்க அத்தனை பேரையும் காட்டுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. ஹிண்டெயோட பேரப்பிள்ளைங்களும் அதுல உண்டு. யாரும் திரும்பலை. இடுகாட்டுக் கல்லையெல்லாம் பேத்துப் பாதை போட்டாங்க. இன்னைக்கு அங்க புல்லுதான். மொத்த இடமும் மூலைக்காடுதான்.

இப்ப ஒவ்வொரு கோடையிலயும் அந்த ஊருக்கு எங்கெங்கிருந்தோ ஆளுங்க வர்றாங்க. ஈடிஷ் படிக்கிறாங்க, பிடில் படிக்கிறாங்க, கல்யாண ஆட்டம் படிக்கிறாங்க. தாத்தா பேசினதைக் கேட்டுட்டு வந்தவங்களும் உண்டு, ஒரு பாட்டைக் கேட்டு மயங்கி வந்தவங்களும் உண்டு. முதல் நாள் சாயங்காலம், ஆட்டத்துக்கு முன்னால, வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் அந்தப் புல்வெளிக்குப் போவாங்களாம். அன்னைக்குத்தான் வந்து சேந்து, ஈடிஷ்ல ஒரு வார்த்தையும் தெரியாத ஆளு யாரோ, அவங்கதான் கூப்பிடணும். தன் பேரைச் சொல்லக் கத்துக்கறதுக்கு முந்தியே இதைக் கத்துக் குடுத்துருவாங்க: "கும்ட், உன் ப்ரெங்ட் மிட் தி ஷ்கேனிம்." வாங்க, பக்கத்துல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. நாக்கு புரளாது, தப்பும் தவறுமாத்தான் வரும். அன்னைக்கு மட்டும் யாரும் திருத்த மாட்டாங்களாம்.

புதுசா வந்தவங்க ஒரு கேள்வி கேப்பாங்களாம், எந்தப் பக்கம் பாத்துக் கூப்பிடணும்னு.

எந்தப் பக்கம் பாத்தாலும் சரின்னு சொல்லுவாங்களாம்.