ஆட்டுப்படம் வராத நாள்

குகனேஸ்வரி: இன்னும் வரேல்லை... நாலு மணியாகுது.

சிவபாலன்: வரும். எங்கடை வீட்டு முதலாளியம்மா, சிஞ்ஞோரா, சிநேகிதியோடை கடற்கரை றோட்டிலை காரோடிக்கொண்டிருப்பா. ஸ்கொட்லாந்திலை அந்தப் பக்கம் சிக்னல் எங்கை?

குகனேஸ்வரி: ஒன்பது நாளும் காலமை எட்டுக்கு டாண் எண்டு படம் வந்தது. கோட்டை, மஞ்சள் பூ, செம்மறி ஆடு...

சிவபாலன்: இண்டைக்கு ஆட்டுக்கு லீவாக்கும்.

குகனேஸ்வரி: பகிடி விடாதேங்கோ. உள்ளுக்கை சிஞ்ஞோராவின்ரை தாய்க்காரி மூண்டு தரம் கேட்டிட்டா, மகள் எங்கை நிக்கிறாள் எண்டு. மண்டரின் தோடம்பழம் உரிச்சுக் குடுத்தனான், வாயிலை வைக்கேல்லை.

சிவபாலன்: நேற்றையான் படத்தைக் காட்டும். தொண்ணூறு வயசிலை எல்லா ஆடும் ஒண்டுதான்.

குகனேஸ்வரி: எனக்குப் பயமாக் கிடக்கப்பா.

சிவபாலன்: உமக்கென்ன பயம்? நான்தானே எயாப்போட்டிலை விட்டனான். சிரிச்சுக்கொண்டுதான் போனவ... அதை விடும், உம்மடை காலிலை என்ன கொப்பளம்?

குகனேஸ்வரி: ஞாயிற்றுக்கிழமை மலையேறினனான். வெறுங்காலோடை. மலைக்கோயில் புனிதை சான்ரா றோசாலியாவுக்கு நேத்தி.

சிவபாலன்: எங்கடை விசா, பெர்மெசோ கிடைக்கவோ?

குகனேஸ்வரி: இல்லை.

சிவபாலன்: பின்னை?

குகனேஸ்வரி: சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ...

சிவபாலன்: ஆர்?

குகனேஸ்வரி: சிஞ்ஞோராதான். அவவின்ரை பாக்கை நான்தானே அடுக்கினனான். மழைக்கோட்டு வேண்டாமெண்டா. சப்பாத்து வேண்டாமெண்டா. மூண்டு நைட்டி, ஒரு சிலிப்பர், பெரிய கவருக்கை ஸ்கான் படங்கள். அதோடை ஆர் ஊர் சுத்தப் போறது?

சிவபாலன்: போனை ஒருக்காத் தாரும்.

குகனேஸ்வரி: வந்த படமெல்லாம் போன வருசத்தது. அதிலை அவவின்ரை தலைமயிர் முதுகு வரைக்கும் கிடக்கு. இப்ப அவவுக்குக் கட்டைமயிர். தாய் பயப்பிடுவா எண்டுதான் இந்த நாடகம். எங்கை நிக்கிறா எண்டு நான் கேக்கேல்லை... கேட்டா அழுதிடுவா.

சிவபாலன்: இதிலையும் ஒண்டும் வரேல்லை.

குகனேஸ்வரி: நான் மறைச்சது கோவமோ?

சிவபாலன்: கோவமில்லை.

குகனேஸ்வரி: அப்ப கார்ச் சாவியை ஏன் எடுக்கிறியள்?

சிவபாலன்: என்னட்டையும் சத்தியம் வாங்கினவ, ஈசு. நான் அவவை எயாப்போட்டிலை விடேல்லை. ஆசுப்பத்திரி வாசலிலை இறக்கினனான். இண்டைக்குக் காலமை ஒப்பரேசன்... கண் முழிச்சவுடனை ஒரு ஆட்டுப்படம் அனுப்புவன், ரெண்டு மணிக்குள்ளை வந்திடும் எண்டவ.