பெல்ட் மாத்தின தேதி

மத்தியானம் ரெண்டே கால் மணி. ஆமா, மத்தியானம்தான். பேய் என்ன உங்கள மாதிரி ராத்திரி மட்டும்தான் முழிச்சிருக்கும்னு நெனச்சீங்களா? இளிக்காம கிட்ட வந்து உக்காருங்க. தொண்டை கட்டியிருக்கு, கத்திப் பேச முடியாது.

பைபாஸ்லேருந்து பிரிஞ்சு போற பழைய ரோடு. ரெண்டு பக்கமும் பொட்டல். ஈ காக்கா இல்ல... அதுல தனியா ஒரு வெள்ளைக் கார். ஓட்டிட்டுப் போறது என் ஃப்ரெண்டோட அத்தான். பல்செட் செய்யிற இடத்துல ராத்திரி வேலை. எப்பப் பாரு அசதி. அதனால எல்லாரும் 'கொட்டாவி'ன்னுதான் கூப்பிடுவாங்க. பக்கத்து சீட்டுல அவர் சம்சாரம், அதான் ஃப்ரெண்டோட அக்கா, அசந்து தூங்கிட்டிருக்காங்க.

அந்தக்காவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. ஒரு தடவ தவறினாலும் உடம்பு ஊதி மூச்சு முட்டும். அதுக்காகத்தான் செகண்ட் ஹேண்ட்ல இந்தக் கார். வாங்கி ரெண்டு மாசம். நல்லாத்தான் ஓடுது. ஆனா டைமிங் பெல்ட் மாத்தினாங்களா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியல. இன்ஜினுக்குள்ள இருக்கிற பெல்ட்டு அது. அறுந்தா இன்ஜின் காலி, நட்டநடு ரோட்டுல நிக்க வேண்டியதுதான். மனுஷன் தூங்கறதே நாலு மணி நேரம். அதுலயும் பெல்ட் அறுந்து போற கனவு!

சர்வீஸ் புக் இல்ல. புரோக்கருக்குப் போன் மேல போன் போட்டாரு. கடைசியில அவன் அலுத்துப் போய், "சார், வண்டிய வச்சிருந்த அம்மா போய்ச் சேந்து எட்டு மாசமாச்சு, அவங்கள எங்க போய்க் கேக்கறது? போனட்டுக்கு அடியில ஆயில் மாத்தின ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஒர்க் ஷாப்புல கேளுங்க"ன்னுட்டான்.

அந்த ஒர்க் ஷாப் இந்த ரோட்டுலதான். டயாலிசிஸ் முடிஞ்சு திரும்புற வழி. அக்காவ எழுப்ப மனசு வரல. ஏசிய ஓட விட்டுட்டு எறங்கினாரு.

தகர ஷெட். கிரீஸும் சூடான ரப்பரும் கலந்த வாடை. எங்கயோ கம்ப்ரஸர், டக்... டக்... டக்... ஒத்த ஆளா ஒரு மெக்கானிக்.

"இந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பாத்துச் சொல்றீங்களா?"

மெக்கானிக் வண்டியப் பாத்தாரு. இவரப் பாத்தாரு. "போன சனிக்கிழமதானே மாத்தினேன்?"

அத்தானுக்கு வந்த கொட்டாவி பாதியில நின்னு போச்சு. சனிக்கிழம டயாலிசிஸ் நாள். அக்கா உள்ள மெஷின்ல. இவரு வராண்டா பெஞ்சுல செத்த பொணமா தூக்கம். வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல, சாவி சட்டைப் பையில...

"வேற வண்டியா இருக்கும்ங்க."

"நல்லாருக்கே! பழைய பெல்ட்ட டிக்கியில வச்சேனே. மாத்தின சாமானத் திருப்பிக் குடுக்கறதுதான் நம்ம வழக்கம்."

டிக்கியத் தொறந்தாங்க. ஸ்டெப்னி மேல பிளாஸ்டிக் கவர். உள்ள சுருட்டி வச்ச பெல்ட்டு. அறுந்து போக இன்னும் ஒரு நூல்தான் பாக்கி.

"யாரு... யாரு கொண்டு வந்தாங்க?"

"வழக்கமா வர்ற அம்மாதான். பாவம்ங்க. முன்னாடி ஒருதரம் பேட்டரிய மாத்தச் சொன்னேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டாங்க. அவங்க பொண்ணு நோயாளி. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப வண்டி ஸ்டார்ட்டே ஆகல. அந்தப் பொண்ணு முன் சீட்டுல உக்காந்தபடியே..." மெக்கானிக் கையத் தொடைச்சிக்கிட்டாரு. "அதுலேருந்து எதையும் தள்ளிப் போடறதில்ல."

அந்தம்மா செத்துதான் எட்டு மாசமாச்சே! அத்தான் தேதியக் கேட்டாரு. மெக்கானிக் நோட்டப் பிரிச்சுக் காட்டினாரு. வண்டி நம்பர், தேதி, பெல்ட்டு, எல்லாம் சரி. 'அடுத்த சர்வீஸ்'ங்கிற கட்டம் மட்டும் காலி.

"இது ஏன் எழுதல?"

"எழுதத்தான் போனேன். வேணாம்னுட்டாங்க. 'இப்ப இந்த வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போற பொண்ணு அலைஞ்சது போதும், இனிமே நான் பாத்துக்கறேன்'னாங்க. ஏன், அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

இனிமே நான் பாத்துக்கறேன்... இந்த ஒரு வார்த்தைய யாராவது சொல்ல மாட்டாங்களான்னு மூணு வருஷமா ஏங்கின மனுஷன்யா அவரு. ஒரே ஒரு நொடி... அப்பாடான்னு இருந்துச்சாம். பயமில்ல, ஒண்ணுமில்ல, அப்பாடான்னு. அத நெனச்சுத்தான் இன்னிக்கும் அழுவாரு.

அப்புறம்தான் சுரீர்னுச்சு. விழுந்தடிச்சு ஓடினாரு. முன் சீட் காலி. சீட் பெல்ட் மட்டும் மாட்டினபடியே கெடக்கு. கதவத் தொறந்தா, வெயில்ல காஞ்ச பொடவ வாசனை... கார் பூரா.

அக்கா பின் சீட்டுல காலை மடக்கிப் படுத்திருந்தாங்க. மூச்சில்ல. முகத்துல அப்படி ஒரு நிம்மதி, கல்யாணமான புதுசுல பாத்ததாம். ஆனா தலை சீட்டுல படல... நாலு விரக்கடை மேல, யாரோ மடியில வச்சிருக்கிற மாதிரி அந்தரத்துல நிக்குது. நெத்தியில விழுந்திருந்த முடி ஒண்ணொண்ணா, மெதுவா, காதுக்குப் பின்னால ஒதுங்கிக்கிட்டிருந்துச்சு.