சாமி வீட்டில் ஹார்ட் டிஸ்க்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்கள் வாங்கித் தந்த தேநீரில் ஐஸ்தான் அதிகம், சார். பரவாயில்லை, தொண்டை நனைந்தது. சொல்கிறேன்.

என் பெயர் லம்துவான். பாங்காக் பக்கத்துப் பதும்தானியில் ஹார்ட் டிஸ்க் செய்கிற தொழிற்சாலையில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் பாதி ஆயுளைக் கழித்தவள். உள்ளே ஒரு தூசு புகுந்தாலும் டிஸ்க் செத்துவிடும். நான் சேர்ந்த காலத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோகூட அதில் அடங்காது. பிறகு உள்ளங்கைக்குள் வந்தது, நகத்தளவு ஆனது, கடைசியில் கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. சாமான் சிறுக்கச் சிறுக்க மனுஷருக்கு அலட்சியம் பெருத்துப் போயிற்று.

தம்பி தானித்தை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவன் பால்குடி. போன வருஷம் லாரி மோதி அவனும் போய்ச் சேர்ந்தான். வருஷத் திதிக்குப் பிக்குகளுக்கு அன்னமிட இருந்த சமயம், அவன் பெண்டாட்டி ஜிந்தனா ஒரு பையோடு வந்தாள்.

"அக்கா, அவர் போட்டோ, வீடியோ எல்லாம் சிதறிக் கிடக்கு. உங்களுக்குக் கைவந்த வேலைதானே? ஒண்ணாச் சேத்துக் குடுங்க, விகாரைல போட்டுக் காட்டலாம்."

"எங்கெங்க வச்சிருக்க?"

"இந்த டிஸ்க், லேப்டாப், என் போன். மிச்சம் மேல கிளவுட்ல இருக்கு."

"மேலயா? உங்கப்பன் வீட்டுப் பரணா அது?"

சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டையும் சொன்னாள். வாசலில் காருக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"யாருடி அது?"

"வித்தூன். அடுத்த மாசம் பதிவு பண்ணிக்கிறோம்க்கா. கைமுக் இப்பவே அவரை அப்பான்னுதான் கூப்பிடுறா."

கைமுக் தானித்தின் மகள். ஐந்து வயசு. தகப்பன் பாடிய தாலாட்டை வீடியோவில் கேட்டால்தான் கண் மூடுவாள். அந்த வாய் இன்னொருவனை அப்பா என்கிறதாம். ஆனாலும் ஜிந்தனாவுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினேன்.

பிரதி எடுக்கத் தெரிந்தவளுக்கு, பிரதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதும் தெரியும். முதலில் எல்லாவற்றையும் என் டிஸ்க் ஒன்றில் ஏற்றினேன். அப்புறம் அவள் டிஸ்க், லேப்டாப், போன், கிளவுட் என்கிற அந்த மேல்வீடு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன். குப்பைத் தொட்டியையும் விடவில்லை. வேலை என்றால் சுத்தமாகச் செய்ய வேண்டும். வைரஸ் தின்றுவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். என் தம்பியைத் துடைத்துப் போட்டவள் அவள்தான். நான் மிச்சத்தைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

கைமுக் போனில் அழுதாள். "அத்தை, அப்பா பாட்டு வரவே மாட்டேங்குது."

"உன் புது அப்பனைப் பாடச் சொல்லு," என்றேன். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும். இன்னும் தூங்காமல் கிடக்கிறாள் என்று ஜிந்தனா உங்களிடம் புகாரில் சொன்னது வெறும் நடிப்பு.

என் டிஸ்க்கை வீட்டுக்குள் வைத்தால் அவள் தேடி எடுத்துவிடுவாள். அதனால் முற்றத்துக் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்குள் வைத்தேன். சாமி வீட்டில் கைவைக்க எவளுக்கும் துணிச்சல் வராது. வழக்கம்போல ஊதுபத்தி கொளுத்தி, படையலாகச் சிவப்பு சோடாவில் ஸ்ட்ரா போட்டுப் பக்கத்தில் வைத்தேன். தம்பிக்கும் அந்தச் சிவப்பு சோடா என்றால் உயிர்.

நடுவில் ஒருநாள் காற்றில் பாட்டில் சாய்ந்துவிட்டது. டிஸ்க்கை எடுத்தபோது பிசுபிசுவென்று எறும்பு மொய்த்திருந்தது. துடைத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிக், டிக் என்கிறது, வேறொன்றும் காட்டவில்லை. தொழிற்சாலையில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே குப்பையில் போடுவோம்.

இது அப்படியில்லை, சார். டிஸ்க் திறந்துவிட்டால் சாமிக்கு நூறு பாட்டில் சோடா வைப்பதாக நேர்ந்திருக்கிறேன். தம்பி கோபமாக இருக்கிறான், அதனால்தான் திறக்க மாட்டேன் என்கிறான். என் மேல் இல்லை.