பதில் சொல்லும் கடல்கன்னி

— மீனுக்குத் தும்மல் வருமா?

— பாதி மீனுக்கு வரும் அண்ணாச்சி. தும்மல் மூக்கோட சங்கதி, வாலோட சங்கதி இல்ல. அடுத்த கேள்விய கேளும்.

— அண்ணாச்சின்னு கூப்பிடாத. இனிகோன்னு கூப்பிடு. சங்கு குளிக்குற இனிகோ.

— கடல்கன்னி பேரச் சொல்லிக் கூப்பிட்டா அந்த ஆளு கடலுக்குள்ள வந்துருவான். பரவால்லயா?

— சீசன் வந்தா நான் தெனம் உள்ளதான போயிட்டு வாரேன். ஒருநாளும் ஒன்னய அங்கன பாத்ததில்லயே.

— நீரு சங்கத் தேடிக்கிட்டு முங்குவீரு. எம் மூஞ்சியப் பாக்க ஒமக்கு ஏது நேரம்?

— ஏலே இனிகோ, எம்புட்டு நேரமா இந்தக் கண்ணாடித் தொட்டி முன்னாலயே நிக்க? மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த சனம் பூரா என் கூடாரத்துக்கு வெளிய வெயில்ல காயுது.

— தனராஜ் அண்ணாச்சி, வாசல்ல நீரு என்ன போர்டு வச்சிருக்கீரு? 'எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் கடல்கன்னி.' ஒரு கேள்விதான் கேக்கலாம்னு அதுல எழுதலயே. அவளுக்குப் பதில் தெரியாமப் போற வரைக்கும் நிப்பேன்.

— ஏளா, ஒரு நிமிசம் காதக் கொடு. திருவிழாக் கமிட்டில இருந்து ஆள் அனுப்பிச் சோதிக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. எங்கயாச்சும் முழிச்சேன்னு வையி, கூடாரத்தப் பிரிச்சிரச் சொல்லிருவாங்க. இவனப் பாத்தா எனக்குச் சந்தேகமா இருக்கு.

— நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன்.

— கடல்கன்னிக்குக் கரையில மாமாவா?

— கடலுக்குள்ள இருக்க எங்களுக்கு எல்லாரும் ஒறவுதான். கேள்விக்கு வாரும்.

— கிரேக்க நாட்டுக் கடல்சாமி கையிலயும் சூலாயுதம்தானாமே. நம்ம சிவபெருமான்கிட்ட இரவல் வாங்கினாரா?

— இரவல் இல்ல. அது மீன் குத்துற ஈட்டி. அந்தச் சாமி பேரு பொசைடன். கோவம் வந்து தரையில ஒரு குத்து குத்தினார்னா நெலமே ஆடும். பேருதான் கடல்சாமி, குதிரைன்னா அவருக்கு உசிரு. குதிரையப் படைச்சதே அவருதான்னு சொல்லுவாங்க.

— கடல்ல கெடக்கவருக்குக் குதிரை எதுக்கு?

— கடலே இல்லாத கோவில்பட்டிக்காரன் வீட்டுச் சொவத்துல கப்பல் படம் மாட்டி வைக்கலயா? அது மாதிரி ஒரு ஆசைதான். இதெல்லாம் ஒமக்கு யாரு சொன்னா?

— துறைமுகத்துக்கு வார கப்பல்காரனுவதான். ஒரு பீடி கொடுத்தாப் போதும், ஒரு கதை சொல்லிருவானுவ. அந்த நாட்டு அழகுதேவி சிப்பியில ஏறி நின்னுக்கிட்டே கரைக்கு வந்தாளாமே. நான் எடுத்த சிப்பி எதுலயும் ஒரு கைப்பிள்ளயக் கூட உக்கார வைக்க முடியாது.

— நொரையில பொறந்தவளுக்குக் கனம் ஏது? அவ என்ன ஒம்ம மாதிரி சோறு தின்னா வளந்தா?

— ஜப்பான்காரன் கடலுக்கு அடியில ஒரு நாகராசாவுக்கு அரமனை இருக்காமே?

— இருக்கு. அலைய ஏத்த ஒரு ரத்தினக்கல்லு, எறக்க ஒரு ரத்தினக்கல்லு வச்சிருக்காரு. மெதுவாப் பேசும். ஜப்பான்காரனோட சண்டை நடக்குற இந்த நேரத்துல அவன் பேரு போலீஸ்காரன் காதுல விழுந்தா, உளவாளின்னு என்னய வாலோட தூக்கிட்டுப் போயிருவான்.

— வாலோட போனா ரிக்சாவுல எடம் பத்தாது. சரி, இதச் சொல்லு. சயாமுக்குப் போயிட்டு வந்தவன் ஒருத்தன், அனுமாரே ஒரு கடல்கன்னியக் கட்டிக்கிட்டார்னு சொல்லுதான். நெசமா?

— அங்க சொல்லுத ராமாயணத்துல அப்படித்தான். பாலத்துக்குப் போட்ட கல்லக் களவாங்க வந்தவ, அவரப் பாத்ததும் மனசு மாறிட்டா.

— அப்ப கடல்கன்னி கலியாணம் கட்டிக்கிடும்.

— கட்டிக்கிடும். ஆனா நெலைக்காது. ஸ்காட்லாந்துல கடல்நாய்த் தோலப் போத்திக்கிட்டு நீந்துற பொண்ணுக உண்டு. கரைக்கு வந்து தோலக் கழட்டி வச்சா, மீன்பிடிக்கவன் அத ஒளிச்சு வச்சு அவளக் கட்டிக்கிடுவான். என்னைக்காச்சும் தோலு அவ கண்ணுல பட்டுச்சுன்னா, பெத்த பிள்ளைகள விட்டுட்டுக் கடலுக்கே போயிருவா.

— ஒளிச்சு வைக்காம, வாயத் தொறந்து கேட்டுக் கட்டினா?

— அப்படி ஒரு கதைய இதுவரைக்கும் எந்த ஊர்க்காரனும் சொல்லல. என்ன சிரிக்கீரு?

— சும்மாதான். நார்வேப் பக்கம் ஒரு கடல்தேவி, முங்கிச் சாகுறவங்கள வலை போட்டுப் பிடிப்பாளாமே.

— ரான்னு பேரு. பொன்னோட போனவனுக்கு அவ வீட்டுல நல்ல மரியாதையாம். அதுக்காகவே கப்பல்காரங்க மடியில கொஞ்சம் பொன்னு முடிஞ்சு வச்சிருப்பாங்களாம்.

— பொன்னு இல்லாமப் போனவன்?

— வேற கேள்வி கேளும். தண்ணி ரொம்பக் குளுருது.

— வேற கேள்விதான். போன ஐப்பசில கொழும்புக்கு ஓடு ஏத்திட்டுப் போன தோணி திரும்பி வரல. எங்கண்ணன் சந்தியா அதுலதான் போனான். நீ அவனப் பாத்தியா?

— இத ஒம்மகிட்ட யாரு கேக்கச் சொன்னது?

— பதில் சொல்லு.

— காலைல ஒரு அம்மா வந்தாங்க. கண்ணாடியில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு இதையேதான் கேட்டாங்க. அதே பேரு, அதே தோணி.

— நீ என்ன சொன்ன?

— பாத்தேன்னு சொன்னேன். அங்க அவருக்குக் குளுரு இல்ல, பசி இல்ல, அம்மை என்னய நெனச்சுப் பட்டினி கெடக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாருன்னு சொன்னேன்.

— எங்கண்ணன் அப்படிச் சொன்னானா?

— இல்ல. நீரு கமிட்டி ஆளுதான? போயிச் சொல்லிரும். வாலு சாக்குத்துணி, செதிலு தகரம். எம்பேரு ஜீவமணி, ஊரு நாசரேத்து. கண்ணு தெரியாத ஒரு வெள்ளக்கார அம்மாவுக்குப் புஸ்தகம் வாசிச்சுக் காட்டிட்டு இருந்தேன். நான் சொன்ன கதை பூரா அந்தப் புஸ்தகங்கள்ல படிச்சது. அவங்க சீமைக்குப் போயிட்டாங்க, மாமா என்னய இந்தத் தொட்டிக்குள்ள உக்கார வச்சிட்டாரு. கதை சொன்னதுக்கு நான் வெக்கப்படல. ஒங்கம்மைகிட்டப் பொய் சொன்னதுக்குத்தான் காலைலருந்து மனசு கெடந்து அடிச்சுக்குது.

— அம்மை வீட்டுக்கு வந்து சட்டி நெறையக் கஞ்சி ஊத்தி வச்சுக் குடிச்சா. ஐப்பசிக்குப் பொறவு அப்படி அவ உக்காந்து குடிச்சு நான் பாக்கல.

— அப்ப நம்பிட்டாங்களா? இனி கடக்கரையிலயே காத்துக் கெடப்பாங்களே. அவங்களக் கூட்டிட்டு வாரும், நானே உண்மையச் சொல்லிருதேன்.

— எங்கம்மையா நம்புவா? கடல்தண்ணியில பொறந்து வளந்தவ. வாலு சாக்குன்னு பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டா. 'எம்பிள்ள உசிரோட இருந்தப்பவே எங்கிட்ட அம்புட்டுத் தன்மையாப் பேசுனதில்லலே'ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சிட்டு அழுதா. அழுதுட்டுக் கஞ்சி குடிச்சா.

— பொய்யின்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். முன்னப்பின்ன தெரியாத ஒரு கெழவி மனசு தேறணும்னு, தண்ணியில வெறச்சுக்கிட்டே ஒரு பிள்ள இம்புட்டு யோசிச்சுப் பொய் சொல்லுதேன்னுதான் பேச்சு பூராவும்.

— பொறவு எதுக்கு ஒம்மள இங்க அனுப்பிச்சாங்க? கமிட்டில சொல்லவா?

— எந்தக் கமிட்டியும் எனக்குத் தெரியாது. நாசரேத்துன்னா சொன்ன? ஒங்க கோயில்ல மாதா கெடையாது, எங்களுது மாதா கோயிலு. பரவால்ல, அத அம்மை சமாளிச்சிருவா.

— கோயில எதுக்கு அவங்க சமாளிக்கணும்? வெவரமாச் சொல்லும்.

— கூடாரத்துக்கு வெளியதான் பூவோட நிக்கா. பொண்ணுக்குக் காலு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வரச் சொன்னா.